விசாவுக்காக எடுத்த எக்ஸ்ரே

"மேடம், இன்னொரு படம் எடுத்துக்கலாம், கொஞ்சம் இருங்க" என்று சென்னையில் எக்ஸ்ரே எடுத்தவர் சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது. படம் சரியாக விழவில்லை என்றால் அங்கேயே சொல்லிவிடுவார்கள். அவரோ உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நான்கு வருடம் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் நர்சாக இருந்தவள் நான். முகத்தைப் பார்க்காமல் எப்போது பேசுவோம் என்று எனக்குத் தெரியும். நானே அப்படிப் பேசியிருக்கிறேன்.

என் பெயர் கிரேஸ். ஊர் சமயநல்லூர். அப்பா ஒரு மிஷன் பள்ளியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஒரே பிள்ளை. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக் கல்லூரி ஒன்றில் மேல்படிப்பாக நர்சிங் படிக்க எனக்கு இடம் கிடைத்திருந்தது. இரண்டு வருடப் படிப்பு. பாதி வகுப்பறையில், பாதி அங்குள்ள வார்டுகளில். என்னோடு அதே ஐ.சி.யூ.வில் வேலை பார்த்த ஷபானாவுக்கும் அதே கல்லூரியில் இடம். டூட்டி முடிந்த கையோடு பஸ் பிடித்துக் காளவாசலில் ஒரு மாடியில் நடந்த ஆங்கில வகுப்புக்கு ஒன்றரை வருடம் இருவரும் சேர்ந்தே போனோம். நான் ஒருமுறை தேர்வில் விழுந்தபோது, அவள் தேறியிருந்தும் எனக்காக ஆறு மாதம் விண்ணப்பிக்காமல் இருந்தாள்.

இங்கிருந்து நீண்ட நாள் படிக்கப் போகிறவர்கள் காசநோய் இல்லை என்று சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால்தான் விசா. அதை ஒரு சடங்காகத்தான் நினைத்திருந்தோம். முடித்துவிட்டு தி.நகர் போய் ஸ்வெட்டர் வாங்குவதாகத் திட்டம். ஷபானா சான்றிதழோடு வெளியே வந்தாள். நான் இன்னும் உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு நிழல் இருந்தது. எனக்கு இருமல் இல்லை. காய்ச்சல் வந்த ஞாபகமும் இல்லை. ஐந்து கிலோ குறைந்திருந்தேன். படிப்பும் டூட்டியும் சேர்ந்தால் யாராக இருந்தாலும் குறையத்தான் செய்வார்கள் என்று விட்டுவிட்டேன். சாயங்காலமானால் உடம்பு அசந்துபோகும். அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். வேறு யாராவது இதையெல்லாம் என்னிடம் வந்து சொல்லியிருந்தால் மறுநாளே சளிப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பேன்.

அப்பா மறுநாள் சென்னைக்கு வந்துவிட்டார். எழும்பூரில் ஒரு லாட்ஜில் தங்கினோம். மூன்று நாள் காலையில் வெறும் வயிற்றோடு போய்ச் சளி கொடுக்கவேண்டும். சளி வராதவர்களுக்கு உப்புநீர் ஆவியை இழுக்கக் கொடுத்து இருமவைப்பார்கள். எத்தனையோ நோயாளிகளிடம் "நல்லா அடியிலருந்து இழுத்துத் துப்புங்க" என்று அதட்டியவள், முதல் நாள் வெறும் எச்சிலைத் துப்பிவிட்டு வந்தேன்.

சளியை இரண்டு விதமாகச் சோதிப்பார்கள். ஒன்று, கிருமியை வளர்த்துப் பார்ப்பது. அதற்கு வாரக்கணக்கில் ஆகும். இன்னொன்று மரபணுச் சோதனை. கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான மருந்துக்கு அது கட்டுப்படுமா என்று சில மணி நேரத்தில் சொல்லிவிடும். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கிருமி இருந்தது, அந்த மருந்துக்குக் கட்டுப்படாத வகை.

"மாத்திரை சாப்பிட்டா சரியாயிரும்ல டாக்டர்? செப்டம்பர்ல காலேஜ் திறக்குது" என்று அப்பா கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். நீயே சொல்லிவிடு என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"இந்த வருஷம் இல்லப்பா" என்றேன்.

இரண்டு மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, ஏ.சி. இல்லாத பெட்டியில் ஜன்னலை முழுக்கத் திறந்துவைத்து மதுரைக்குத் திரும்பினோம். எதிரே உட்காரவந்த ஒரு குடும்பத்தை அப்பா ஏதோ சொல்லி அடுத்த பகுதிக்கு அனுப்பினார். திண்டுக்கல் தாண்டியதும், "ஜனவரியிலயும் ஒரு பேட்ச் சேக்குறாகளாமே பாப்பா" என்றார்.

யாரிடமிருந்து வந்தது என்று பல நாள் யோசித்தேன். வென்டிலேட்டரில் இருந்த ஒரு பாட்டியின் தொண்டைக் குழாயில் நான் பத்து நாள் சளி உறிஞ்சியிருக்கிறேன். அவர் இறந்த பிறகுதான் காசநோய் என்று ரிப்போர்ட் வந்தது. அவராக இருக்கலாம். பஸ்ஸில் பக்கத்தில் நின்ற யாராகவோ இருக்கலாம். "அதத் தேடாதீங்க சிஸ்டர், கெடைக்காது. கெடைச்சாலும் என்ன செய்யப் போறீங்க?" என்றார் எனக்கு மருத்துவம் பார்த்த டாக்டரம்மா.

அவர் நகருக்கு வெளியே இருந்த நெஞ்சுநோய் மருத்துவமனையில் இருந்தார். என்னை அங்கேதான் சேர்த்தார்கள். கட்டுப்படாத காசநோய்க்குக் கொடுக்கும் மருந்துகள் கடுமையானவை. ஒன்று இதயத் துடிப்பின் இடைவெளியை நீட்டிவிடக்கூடும். அதனால் அடிக்கடி ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்கவேண்டும். இன்னொன்றான லினசோலிட் ரத்தத்தைக் குறைக்கலாம், கண் நரம்பையும் கைகால் நரம்புகளையும் கெடுக்கலாம். இவற்றை மற்றவர்களுக்கு நானே ஒப்பித்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். இப்போது என்னிடம் தாளை நீட்டிய நர்ஸ் என்னைவிட இளையவள். வேகமாக ஒப்பித்துவிட்டு, "இதுல சைன் பண்ணுங்க" என்றாள். அடுத்த நிமிடம் வார்டின் கடைசியைப் பார்த்து, "பெட் லெவன் வந்தாச்சு" என்று சத்தமாகச் சொன்னாள். அவள்மேல் தப்பில்லை. நாங்கள் எல்லோருமே அப்படித்தான் சொல்வோம்.

பெண்கள் வார்டு நீளமானது. காற்றோட்டம் வேண்டும் என்பதால் ஜன்னல்களை மூடவே மாட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் பேரையூர்க்காரர் பேச்சியம்மா இருந்தார். நாற்பது வயதிருக்கும். பருத்தி எடுக்கப் போகிறவர். அவருக்கு இது இரண்டாவது முறை. முதல்முறை பாதியில் மருந்தை நிறுத்திவிட்டாராம். நான் வந்த மறுநாள், கட்டிலில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாயி, நீ நர்சுன்னு சொல்றாக."

"ஆமாக்கா."

"ஒனக்கே வந்துருச்சா?"

அவர் கேட்டதில் கிண்டல் இல்லை. நர்சுக்கே வந்தால் தனக்குப் போவது எப்படி என்ற பயம்தான் அதில் இருந்தது. சற்று நேரம் கழித்து, "நீ என்ன மாத்தர திங்கிறியோ அதயே நானும் திங்கிறேன். நீ நிறுத்துனா நானும் நிறுத்திருவேன், பாத்துக்க" என்றார். அன்றிலிருந்து எனக்குக் குமட்டினாலும் அவர் பார்க்கும்படிதான் மாத்திரைகளை விழுங்கினேன்.

அம்மா தினமும் இரண்டு பஸ் மாறி வந்தாள். சளியில் கிருமி வந்துகொண்டிருந்ததால் உள்ளே வரக்கூடாது என்று சொல்லியிருந்தேன். வராண்டாவில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று, அவித்த முட்டை இரண்டும் சுண்டலும் இருக்கும் தூக்கை நர்சிடம் கொடுத்து அனுப்புவாள்.

"நீ போம்மா, வெயிலாயிருச்சு. நான் அப்பறமா சாப்புட்டுக்கிறேன்."

"நீ சாப்புடு. பாத்துட்டுப் போறேன்."

முழுவதும் சாப்பிட்டு முடிக்கும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பேச்சியம்மாவுக்கு யாரும் வருவதில்லை என்று தெரிந்த பிறகு முட்டை நான்காகியது.

செப்டம்பர் முதல் வாரம் ஷபானா வந்தாள். மறுநாள் அவளுக்குச் சென்னையிலிருந்து விமானம். அதே ஜன்னலுக்கு வெளியே நின்றாள். எங்கள் இருவருக்குமே மாஸ்க் கண்வரை இருந்தது.

"ஜனவரிக்கு வந்துருவடி" என்றாள்.

"வரமாட்டேன்னு ஒனக்கே தெரியும்."

"அப்ப அடுத்த செப்டம்பர். எனக்கு ஜூனியராத்தான் இருக்கப்போற. ராகிங் பண்ணுவேன்."

சிரிக்கப் பார்த்தோம். அவள் கம்பி வழியாகக் கையை உள்ளே நீட்டினாள். நான் எழுந்து போகவில்லை. இருமல் தொடங்கியிருந்த நாட்கள் அவை. அவளுக்கு ஏதாவது தொற்றிக்கொண்டால் அங்கே போய் என்ன ஆகும் என்றுதான் யோசித்தேன். அவள் கையை எடுத்துக்கொண்டு, "சரி, வாரேன்டி" என்று சொல்லிப் போனாள். அன்று அந்தக் கையைத் தொட்டிருக்கலாம். கையைத் தொட்டால் காசநோய் ஒட்டாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

மூன்று வாரத்தில் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். மருந்து தொடர்ந்தது. அப்பா பள்ளி அட்டெண்டன்ஸ் நோட்டு ஒன்றை வாங்கி, மாணவர் பெயர் எழுதும் இடத்தில் மாத்திரைகளின் பெயர்களை வரிசையாக எழுதினார். ஒவ்வொன்றையும் நான் விழுங்கியதும் அந்தத் தேதிக் கட்டத்தில் டிக் போடுவார். அம்மாவிடம் என் தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கச் சொன்னேன். தட்டால் இந்த நோய் பரவாது. ஆனால் அம்மா பயப்படுவாளே என்றுதான் சொன்னேன். மறுநாள் நான் மிச்சம் வைத்த சோற்றை அம்மா அடுப்படியில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பரவாது என்பது அவளுக்குத் தெரியாது. பரவும் என்று நம்பிக்கொண்டேதான் அதைச் சாப்பிட்டாள். எதற்கு இப்படிச் செய்கிறாய் என்று கத்தினேன். "சோத்த வீணாக்கச் சொல்றியா?" என்றாள், தலையைத் தூக்காமல்.

ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். திருவிருந்தில் எல்லோரும் ஒரே கிண்ணத்தில் குடிப்போம். நான் வரிசையில் நின்றால் எனக்குப் பின்னால் நிற்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தேன். தொற்றும் காலம் முடிந்துவிட்டது என்று டாக்டரம்மா சொன்ன பிறகும் போகவில்லை. எங்கள் சபைப் போதகரான ஐயர் ஒருநாள் வீட்டுக்கு வந்து ஜெபம் செய்தார். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்பதற்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஷபானா ஞாயிறு மாலைகளில் கூப்பிடுவாள். அங்கே மதியமாக இருக்கும். முதல் மாதங்களில் எல்லாவற்றையும் காட்டினாள்: அறை, மழை, வகுப்பில் ஊசி போடப் பழகும் பொம்மை. "இத்தன வருஷமா ஊசி போடுறவளுக்கு மறுபடி மொதல்லருந்து சொல்லித்தாறாக" என்று சிரித்தாள். வார்டில் கிழவிகள் பேசுவது புரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, பிறகு பாத்ரூமில் போய் அழுதாளாம். வாரத்தில் இருபது மணி நேரம் முதியோர் இல்லத்தில் வேலை. நின்று நின்று கால் வீங்கிவிட்டது. "இங்க ஒண்ணும் பெருசா இல்லடி. நீ வரலேன்னு வருத்தப்படாத" என்பாள். அவள் அழுத அந்த பாத்ரூமில் அழ நான் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். அதை அவளிடம் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பிறகு கூப்பிடுவது மாதம் ஒன்றாகக் குறைந்தது. கூப்பிடும்போதும் மருந்தைப் பற்றித்தான் கேட்பாள். தன் படிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டாள்.

மூன்றாம் மாதம் பாதங்களில் எரிச்சல் தொடங்கியது. மிளகாய் அரைத்த அம்மியில் காலை வைத்தது போல இருக்கும். அம்மா ஈரத்துணியைச் சுற்றிவிடுவாள். ஐந்தாம் மாதம் எரிச்சல் குறைந்தது. அது நல்ல செய்தி இல்லை. எரிவதற்கும் நரம்பு உயிரோடு இருக்கவேண்டும். செருப்பு கழன்றது தெரியாமல் வாசல்வரை நடந்திருக்கிறேன். பிறகு விரல் நுனிகள். சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. பாலின் சூடு தெரியாமல் டம்ளரைப் பிடித்து, கொப்புளம் வந்த பிறகுதான் பார்த்தேன்.

மாதாந்திரப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா என் கண்ணை மூடச் சொல்லி, விரல் நுனியில் பஞ்சால் தொட்டார்.

"தொடுறது தெரியுதா?"

"தொட்டீங்களா டாக்டர்?"

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். லினசோலிட்டின் அளவைப் பாதியாகக் குறைத்தார். இரண்டு வாரம் நிறுத்தியும் பார்த்தார். ஆனால் கிருமி முற்றிலும் போகவில்லை, மீண்டும் தொடங்கவேண்டியிருந்தது. ஆறு மாத மருந்து ஒன்பது மாதமாகியது.

"நிறுத்திட்டா திரும்ப வந்துரும். அப்ப குடுக்க எங்கிட்ட வேற நல்ல மருந்து இல்ல. உங்களுக்குத் தெரியாததா சிஸ்டர்?"

"விரல் திரும்ப வருமா டாக்டர்?"

"சில பேருக்கு வந்துருக்கு" என்றார். அந்தப் பதிலையும் நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்று வார்டுக்குப் போய்ப் பேச்சியம்மாவைக் கேட்டேன். கட்டிலில் வேறொரு பெண் படுத்திருந்தாள். பிள்ளைகளைப் பார்க்கவேண்டும் என்று சொல்லி நவம்பரிலேயே ஊருக்குப் போனவர், அங்கே மருந்தை விட்டுவிட்டார்; தேடிப்போன சுகாதாரப் பணியாளரிடம் பொங்கலுக்கு முன்பே இறந்துபோனதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் இன்னும் கொஞ்ச நாள் வார்டில் இருந்திருந்தால் என்று ஏதேதோ நினைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். இரண்டு பஸ்களை விட்டேன்.

மே மாதம் சிகிச்சை முடிந்தது. சளியில் கிருமி இல்லை. கார்டில் 'குணமடைந்தார்' என்று எழுதினார்கள். அப்பா அட்டெண்டன்ஸ் நோட்டின் கடைசிக் கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, அடியில் ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுத்தார். கல்லூரி என் இடத்தை ஒருமுறைதான் தள்ளிவைத்தது. இரண்டாவது முறை புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னது. விண்ணப்பித்தேன். இடமும் கிடைத்தது. ஜூன் மாதம் மறுபடி சென்னை, மறுபடி எக்ஸ்ரே, மறுபடி மூன்று நாள் சளி. எட்டு வாரம் வைத்துப் பார்த்தும் கிருமி வளரவில்லை. ஒரு வருடத்துக்கு முன் ஷபானா பிடித்துக்கொண்டு வந்த அதே சான்றிதழ் என் கைக்கும் வந்தது. அப்பா அதைப் பலமுறை வாங்கி வாங்கிப் பார்த்தார்.

அதன் பிறகு கல்லூரியிலிருந்து உடல்நலப் படிவம் வந்தது. வார்டில் நோயாளிகளைக் கையாளப் போகிறவர்கள் நிரப்பவேண்டியது. நான்காவது பக்கத்தில் ஒரு கேள்வி: கைகளில் உணர்வுக் குறைவு உண்டா?

அப்பா என் பின்னால் நின்று கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் பள்ளிப் பதிவேட்டில் ஒருவருடைய பிறந்த தேதியைக்கூட மாற்றி எழுதித் தராதவர்.

"இல்லைன்னு போடு பாப்பா" என்றார்.

"அப்பா."

"போகப் போக சரியாயிரும்னு டாக்டரே சொல்லிருக்காக. அங்க போறதுக்குள்ள சரியாயிரும்."

நோயாளி சரிந்துவிடும் சில நேரங்களில் மானிட்டரில் இதயத்தின் கோடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். மின்சாரம் மட்டும்தான் ஓடும், இதயம் நின்றிருக்கும். திரையைப் பார்த்தால் உயிரோடிருப்பது போலத் தெரியும். கழுத்தில் விரலை வைத்தால்தான் நாடி இல்லை என்று தெரியும். ஐ.சி.யூ.வில் அப்படி இருவரைக் கண்டுபிடித்து உடனே மார்பை அழுத்தத் தொடங்கியிருக்கிறேன். ஒருவர் பிழைத்தார். இதையெல்லாம் அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "வெரல வச்சு நாடி பாக்கணும்பா" என்று மட்டும் சொன்னேன்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டை நீட்டினாள்.

"நாடி பாரு. அம்புட்டுத்தான, பாத்துச் சொல்லு."

மூன்று விரல்களை வைத்தேன். அழுத்தினேன். இடம் மாற்றி வைத்தேன். இன்னும் அழுத்தினேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுவதும் பிடித்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவின் கையில் எனக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை.

"எம்புட்டு இருக்கு?"

"எழுபத்தி ரெண்டு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "அப்பறம் என்ன" என்று எழுந்து உள்ளே போனாள். அப்பா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது 'உண்டு' என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, காரணத்தையும் நாலு வரியில் எழுதி அனுப்பினேன்.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்பா."

பதினைந்து நாளில் பதில் வந்தது. மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். என் நேர்மைக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். நோயாளிகளின் பாதுகாப்பு கருதி இந்தப் படிப்பில் என்னைச் சேர்த்துக்கொள்ள இயலவில்லை என்றும், கட்டிய முன்பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாகவும், விரைவில் முழுநலம் பெற வாழ்த்துவதாகவும் இருந்தது. ஷபானாவுக்கு அனுப்பினேன். அவள் படித்துவிட்டாள் என்று போனில் இரண்டு நீல டிக்குகள் வந்தன. கூப்பிடுவாள் என்று அன்று முழுக்கப் போனைப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அப்பா காலையில் காபி டம்ளரோடு வந்து, "மெயில் வந்துச்சா?" என்று கேட்கிறார். "இன்னும் வரலப்பா" என்கிறேன். வேலைக்குப் பழைய மருத்துவமனையில் கேட்டுப்பார்க்கவேண்டும். பில் போடும் இடத்தில் ஏதாவது இருக்கலாம். அதற்கு முன் இவர்களிடம் சொல்லவேண்டும். வாயால் சொல்ல வரவில்லை என்பதால்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதத் தொடங்கினேன். எழுதினால் ஏதாவது ஓர் இடத்தில் சொல்லும் வழி தெரியும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் தெரியவில்லை.

நேற்று அப்பா டவுனுக்குப் போய்விட்டு ஆட்டோவில் திரும்பினார். நீல நிறத்தில், என் இடுப்புயரத்துக்கு ஒரு பெரிய பெட்டி. ஹாலில் நிறுத்திவைத்து, கைப்பிடியை மேலே இழுத்து என்னிடம் கொடுத்தார்.

"சக்கரம் எப்படின்னு உருட்டிப் பாரு பாப்பா. கடைக்காரன் அஞ்சு வருஷம் கேரண்டின்னான்."

வாசல்வரை உருட்டிப் போய்த் திரும்பி வந்தேன். நன்றாகத்தான் உருண்டது.